பொறியியல் பிளாஸ்டிக்குகளின் இரசாயனத் தாங்குதிறனை ஒப்பிட்டுத் தேர்வது எப்படி?

குன்னூரில் நான் நடத்திவரும் லேத் பட்டறைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து தைலம் காய்ச்சும் பெரியவர் ஒருவர் வந்தார். ஆவி குளிர்ந்து வந்து சேரும் பிரிகலனில் தைலம் எந்த மட்டத்தில் மிதக்கிறது என்பதை மூடியைத் திறக்காமலே பார்க்க வேண்டும், அதற்கு உடையாத கண்ணாடி போல ஏதாவது பொருத்தித் தர வேண்டும் என்று கேட்டார். என் கையிலிருந்த தாங்குதிறன் அட்டவணையில் பாலிகார்பனேட்டுக்கு நேரே, ‘எண்ணெய்’ என்ற கட்டத்தில் ‘ஏ’, அதாவது நன்கு தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. 4 மி.மீ. தகட்டை வெட்டி, ஆறு திருகாணிகள் வைத்து இறுக்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரத்தில் அவர் அதைக் கழற்றி எடுத்துவந்தபோது ஆறு துளைகளிலிருந்தும் விரிசல்கள் கிளம்பி ஓரம்வரை ஓடியிருந்தன. அதே தகட்டில் மிஞ்சிய துண்டு ஒன்றை அவர் தைலப் புட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். அது சற்று மங்கியிருந்ததே தவிர, எங்கும் விரிசல் விடவில்லை.

அந்த இரண்டு துண்டுகளையும் இன்றுவரை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், ஏனெனில் ஒப்பிடுவதில் நேரும் முக்கியமான இரண்டு பிழைகளையும் அவை காட்டுகின்றன. முதல் பிழை, ‘எண்ணெய்’ என்ற சொல்லை நம்பியது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் என்று எல்லாவற்றையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். வேதியியலில் இவை வெவ்வேறு குலத்தவை. அட்டவணை சொன்ன எண்ணெய் கனிம எண்ணெய். 1843-இல் நீலகிரிக்கு வந்துசேர்ந்த தைலமரத்தின் இலையிலிருந்து நாம் வடிப்பதோ பெரும்பகுதி சினியோல் என்னும் டெர்பீன் வகைப் பொருள், நல்ல கரைப்பான். பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சையில் அடைத்த கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளை இளக்கி எடுக்க இதே சினியோலைப் பயன்படுத்துவதுண்டு. இரண்டாவது பிழை, இறுக்கி வைத்த பிளாஸ்டிக்கும் சும்மா கிடக்கும் பிளாஸ்டிக்கும் ஒரே திரவத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எண்ணியது.

ஆகவே ‘எந்த பிளாஸ்டிக் நல்லது?’ என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. இந்த பிளாஸ்டிக், இந்தத் திரவத்தில், இந்த வெப்பத்தில், இந்த இழுவிசையோடு, இத்தனை நாள் என்று ஐந்தையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒப்பீடு பொருள்படும். மலையில் தைலக் கொட்டகை, தேயிலைத் தொழிற்சாலை, மருந்து தெளிக்கும் தோட்டம் ஆகியவற்றுக்கு உதிரிபாகம் செய்வோரையும் வாங்குவோரையும் மனத்தில் வைத்து அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் திரவத்தை எழுதுங்கள்

பிளாஸ்டிக்கின் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, அந்தப் பாகத்தைத் தொடப்போகும் ஒவ்வொரு திரவத்தையும் எழுதுங்கள்: அதன் உண்மையான பெயர், செறிவு, வெப்பநிலை, எவ்வளவு நேரம் தொடும், இடையில் காயுமா என்பவற்றை. பெரும்பாலோர் மறப்பது கழுவும் திரவத்தை. தேயிலைத் தொழிற்சாலையில் அரைபடும் இலையின் சாறு மிதமான அமிலம்தான். அது பெரும்பாலான பொறியியல் பிளாஸ்டிக்குகளுக்குச் சுமையே அல்ல. வேலை முடிந்தபின் ஊற்றும் பிளீச்சிங் பவுடர் கரைசலும், கார சோப்பும், நீராவிக் குழாயும்தான் அங்கே பாகங்களைத் தின்கின்றன.

மருந்து தெளிக்கும் கருவியிலும் இதே நிலைதான். தேயிலையின் கொப்புள நோய் 1946-இல் தென்னிந்தியாவுக்கு வந்ததிலிருந்து தாமிர மருந்துகள் நம் தோட்டங்களில் நிலைத்துவிட்டன. உருளைக்கிழங்குக்கும் பழமரங்களுக்கும் போர்டோ கலவை அடிப்போரும் உண்டு: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இந்தத் தாமிரக் கரைசல் இரும்பைத்தான் அரிக்கும். பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. அதனால்தான் கலவையைப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அதே கருவியில் மறுவாரம், தண்ணீரில் கலந்தால் பால்போல் குழம்பாகும் பூச்சிமருந்தை ஊற்றும்போது கதை மாறுகிறது. அந்த மருந்துகளில் பல சைலீன் போன்ற நறுமணக் கரைப்பான்களில் கரைத்துத் தரப்படுபவை. லிட்டருக்கு இரண்டு மில்லியாகத் தண்ணீரில் கலந்தபின் அவற்றின் வேகம் அடங்கிவிடும். செறிவாக அளக்கும் கிண்ணத்தில்தான் அடி விழும். பாலிஸ்டைரீனில் செய்த கிண்ணம் சில நாளில் பால்போல் வெளுத்துப் பிசுபிசுக்கும். ஆகவே தொட்டிக்குத் தனியாகவும் கிண்ணத்துக்குத் தனியாகவும் எழுத வேண்டும்.

திரவத்துக்கு ஊர்ப்பெயர் போதாது. ‘தைலம்’ என்று மட்டும் எழுதினால் யூகலிப்டஸா விண்டர்கிரீனா என்பது தெரியாது. யூகலிப்டஸ் தைலம் தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும். விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். அதன் அடர்த்தி 1.18, தண்ணீருக்கு அடியில் போய்த் தங்கும். ஆகையால் ஒரே பிரிகலனில் முன்னதற்கு மேல்பகுதியும் பின்னதற்கு அடிப்பகுதியும் வடிகுழாயும்தான் தைலத்தில் ஊறுகின்றன. தாங்கும் பொருளை வைக்க வேண்டிய இடமும் அதற்கேற்ப மாறும்.

சேதம் எப்படி நேர்கிறது

அட்டவணையின் ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, திரவம் உள்ளே புகுந்து பொருளை உப்ப வைப்பது, முற்றினால் கரைப்பது. இங்கே இனம் இனத்தோடு சேரும் என்பதே விதி. அதற்கு ஒரு கணக்கும் உண்டு: ஒவ்வொரு பொருளுக்கும் கரைதிறன் எண் என்று ஒன்றைத் தருவார்கள். டெஃப்லானுக்கு ஏறத்தாழ 12.7, பாலிஎத்திலீனுக்கு 16 முதல் 17, பாலிகார்பனேட்டுக்கு 20-க்கு அருகில், நைலான் 66-க்கு 28-க்கு அருகில். திரவங்களில் டர்பன்டைனுக்கு 16.6, டொலுவீனுக்கு 18.2, அசிட்டோனுக்கு 20, எத்தில் ஆல்கஹாலுக்கு 26.5, தண்ணீருக்கு 48-க்கு அருகில். இரண்டு எண்களும் நெருங்கினால் ஆபத்தும் நெருங்குகிறது. இந்த ஒற்றை எண்ணை மூன்று கூறுகளாகப் பிரித்து 1967-இல் சார்லஸ் ஹான்சன் தந்த முறை இன்னும் துல்லியமானது. ஆனால் பட்டறையில் முதல் வடிகட்டலுக்கு ஒற்றை எண்ணே போதும். நைலானை மண்ணெண்ணெயோ தைலமோ அதிகம் தொடாததற்குக் காரணம் இந்த எண்களில் தெரிகிறது.

இரண்டு, மூலக்கூற்றுச் சங்கிலியையே திரவம் வெட்டுவது. அமிலம் நைலானை வெட்டும், காரமும் அம்மோனியாவும் பாலிகார்பனேட்டை வெட்டும், சுடுநீர் பி.பி.டி., பெட் போன்ற பாலியெஸ்டர்களை வெட்டும். குளோரின் பாலிஅசிட்டாலை வெட்டும். இதில் எடையோ அளவோ தொடக்கத்தில் மாறாது. பொருள் பார்வைக்கு நன்றாகவே இருந்து, பிறகு ஒரு நாள் பிஸ்கட்டைப் போல் உடையும்.

மூன்றாவதே நான் அனுபவித்தது, இழுவிசை விரிசல். திரவம் பொருளைக் கரைக்க வேண்டியதில்லை, வெட்டவும் வேண்டியதில்லை. இழுபட்டு நிற்கும் இடத்தில் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்தினால் போதும். அங்கே நுண்ணிய கீறல் பிறந்து வளர்கிறது. திருகாணியின் இறுக்கம் மட்டுமல்ல, வார்ப்பில் உறைந்து நின்ற விசை, துளையிட்டபோது ஏறிய சூடு, கூர்மையாக விட்ட உள்மூலை ஆகிய எல்லாமே அந்த இழுவிசையைத் தரும். அட்டவணைகளில் பெரும்பாலானவை சும்மா கிடந்த துண்டை ஊறவைத்து எழுதப்பட்டவை. இந்த மூன்றாவது நிகழ்வு அவற்றின் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

குலம் பார்த்துப் பிரியுங்கள்

பிளாஸ்டிக்குகளை விலை பார்த்து வரிசைப்படுத்துவதற்கு முன், சங்கிலிகள் அடுக்கி நிற்கின்றனவா, சிக்கலாகக் கிடக்கின்றனவா என்று பிரியுங்கள். பாலிகார்பனேட், ஏ.பி.எஸ்., அக்ரிலிக், பாலிஸ்டைரீன், பி.வி.சி., பாலிசல்ஃபோன் ஆகியவை சிக்கலாகக் கிடப்பவை. இவற்றில் பல கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். இடைவெளி மிகுதி என்பதால் கரைப்பான் எளிதில் புகும். இழுவிசை விரிசல் இந்தக் குலத்தின் பிறவிக் குறை. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், நைலான், பாலிஅசிட்டால், பி.வி.டி.எஃப்., பி.பி.எஸ்., பீக், டெஃப்லான் ஆகியவற்றில் ஒரு பகுதி படிகமாக அடுக்கி நிற்கிறது. அந்த அடுக்கைக் குலைக்காமல் திரவம் கரைக்க முடியாது. பாலிஎத்திலீனின் எண்ணும் டர்பன்டைனின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும், அறை வெப்பத்தில் அது உப்புகிறதே தவிர கரைவதில்லை. கரைப்பான் தொடும் இடத்தில் தெளிவான பிளாஸ்டிக் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இப்போது முதலில் தயங்குகிறேன்.

அடுக்குள்ள குலத்துக்குள் நம் பட்டறைகளில் மிகுதியாகப் புழங்குபவை இரண்டு வெள்ளை ராடுகள், நைலானும் டெல்ரினும். டெல்ரின் என்பது பாலிஅசிட்டாலின் வணிகப் பெயர். இன்று எந்த பாலிஅசிட்டால் ராடையும் நாம் அப்படியே அழைக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வரும் கட்டில் இரண்டும் கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. தாங்குதிறனில் இரண்டும் இரு துருவம். நைலான் எண்ணெய்க்கும் கிரீசுக்கும் எரிபொருளுக்கும் சிறந்தது. நீர்த்த அமிலம்கூட அதை மெல்ல அரிக்கும், ஃபார்மிக் அமிலமும் ஃபீனாலும் கரைத்தே விடும். டெல்ரின் தண்ணீரில் அளவு மாறாமல் நிற்கும், பெரும்பாலான கரைப்பான்களையும் தாங்கும்; ஆனால் வலுவான அமிலத்திலும் குளோரின் கலந்த நீரிலும் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரும். டெல்ரினிலேயே ஒற்றை வகை (ஹோமோபாலிமர்), கூட்டு வகை (கோபாலிமர்) என இரண்டு உண்டு. சுடுநீரும் காரமும் உள்ள இடத்தில் கூட்டு வகையே நெடுநாள் நிற்கும். ராடு வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு ராடுகளையும் பிரிக்க எரித்துப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் உள்ளது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். டெல்ரின் எரியும்போது ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது. தவறிப்போய் டெஃப்லான் துண்டைச் சுட்டால் வரும் புகை அதைவிடக் கொடியது. அடர்த்தி சோதனை போதும். கரையும் மட்டும் உப்பைப் போட்டுக் கலக்கிய தண்ணீரின் அடர்த்தி 1.2 அளவுக்கு இருக்கும். 1.14 அடர்த்தியுள்ள நைலான் அதில் மிதக்கும், 1.41 உள்ள டெல்ரின் மூழ்கும். சாதாரணத் தண்ணீரிலேயே மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். பி.வி.டி.எஃப். 1.78, டெஃப்லான் 2.2, இவை கையில் எடுத்தாலே கனம் தெரியும். துண்டில் ஒட்டிய காற்றுக்குமிழ்களைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கண்ணாடி இழை சேர்த்த ராடுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

நைலானின் தண்ணீர்க் குடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே தேயிலைத் தொழிற்சாலைகளில் சிக்கிக்கொள்ளும் புஷ்களில் (தண்டு சுழலும் உள்துளை உருளைகளில்) பாதி இதனால்தான் என்பது என் கருத்து. நைலான் 6 தண்ணீரில் மூழ்கியே கிடந்தால் தன் எடையில் 9 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். பாதி ஈரமான காற்றில் 2.5 முதல் 3 சதவீதம். ஒவ்வொரு சதவீத நீருக்கும் அளவு ஏறத்தாழ கால் சதவீதம் பெருகும். 25 மி.மீ. விட்டமுள்ள புஷ் 2.5 சதவீதம் நீர் ஏற்றால் விட்டம் 0.15 மி.மீ. கூடும். அதைச் சுற்றிலும் இரும்புக் கூடு பிடித்திருப்பதால் வெளிப்பக்கம் வளர இடமின்றி உள்துளை சுருங்கும், 0.1 மி.மீ. இடைவெளி விட்டுக் கடைந்திருந்தால் தண்டு இறுகிவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் மலைக்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும். ஈரமான இடத்துக்கு நைலான்தான் வேண்டுமென்றால் நைலான் 12 எடுக்கலாம். அது நிறைவுறும்போதும் 1.5 சதவீத அளவிலேயே நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலிபுரோப்பிலீனும் எச்.டி.பி.இ. என்னும் அடர் பாலிஎத்திலீனும் அமிலம், காரம், உப்புக்கரைசல் ஆகியவற்றுக்கு விலைக்கு மிஞ்சிய நன்மை தருபவை. தைலத்திலும் பெட்ரோலிலும் உப்பித் தளரும். பி.வி.டி.எஃப். அமிலத்துக்கும் குளோரின், புரோமினுக்கும் உகந்தது. வலுவான காரத்தில் பழுப்பேறி வெடிக்கும், அசிட்டோனில் உப்பும். பி.பி.எஸ்.-ஐ 200 டிகிரிக்குக் கீழ் எந்தக் கரைப்பானும் கரைப்பதாகத் தெரியவில்லை. நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றிகளே அதற்குப் பகை. பீக் அடர் கந்தக அமிலத்தில் கரையும், மற்ற பெரும்பாலானவற்றைத் தாங்கும். ஆனால் விலையைக் கேட்டபின் பலர் வடிவமைப்பையே மாற்றிக்கொள்கிறார்கள், அது சரியான முடிவும்கூட. 1938-இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லான் உருகிய சோடியம் போன்ற கார உலோகங்களுக்கும் ஃபுளூரினுக்கும் தவிர ஏறத்தாழ எதற்கும் அசையாது. ஆயினும் அழுத்தினால் மெல்ல நகர்ந்துவிடும் என்பதால் அதைத் தனியே தாங்குதூணாக வைக்கக்கூடாது.

அட்டவணையை எதற்குப் பயன்படுத்துவது

நீக்குவதற்கு. ஓர் அட்டவணை ‘கூடாது’ என்று சொன்னால் நம்பலாம். ‘கூடும்’ என்று சொன்னால் அது சோதனைக்கு அனுமதி மட்டுமே. ‘ஏ’ என்ற எழுத்துக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு பொருள் கொள்கிறார்கள். ஒருவர் எடைமாற்றத்தையும் மற்றொருவர் வலிமைக் குறைவையும் அளக்கிறார். ஆகவே இரண்டு நிறுவனங்களின் எழுத்துகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட வேண்டாம். அடிக்குறிப்பில் வெப்பநிலையும் நாள் கணக்கும் இல்லாத அட்டவணையை நான் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஊறவைக்கும் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 175, ஏ.எஸ்.டி.எம். டி 543 ஆகிய தரமுறைகளில் ஒன்றைச் சுட்டியிருந்தால் மதிப்பு கூடும். ஐ.எஸ்.ஓ. 175 பரிந்துரைப்பவை 23, 70 டிகிரி ஆகிய வெப்பநிலைகளும், ஒரு நாள், ஒரு வாரம், 16 வாரம் ஆகிய காலங்களும். இழுவிசை விரிசலுக்கு ஐ.எஸ்.ஓ. 22088 என்ற தனித் தரமுறை இருக்கிறது; தயாரிப்பாளரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் திரவத்தில், வளைத்து வைத்து, சோதியுங்கள்

இனி வருவதை எந்தப் பட்டறையும் செய்யலாம். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பிளாஸ்டிக்கிலும் 100 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் கொண்ட பட்டைகளை வெட்டுங்கள். ஓரங்களை நீர் உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். அறுத்த தழும்பு இருந்தால் விரிசல் அங்கிருந்து தொடங்கி, திரவத்தின் மீது பழி விழும். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பட்டைகள் சும்மா ஊற, மூன்று வளைந்து ஊற, ஒன்று வெளியே அதே அறையில் கிடக்க.

வெளியே கிடக்கும் அந்த ஒற்றைப் பட்டையை வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் நைலான் பட்டை எந்தத் திரவத்தையும் தொடாமலே எடை கூடும். ஊறிய பட்டையின் எடையிலிருந்து இதைக் கழிக்காவிட்டால், காற்றின் ஈரத்தைத் தைலத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

வளைப்பதற்கு, துருப்பிடிக்காத எஃகுப் பட்டையை ஒரே சீரான வளைவாக உருட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் பட்டையைப் படியவைத்து இரு முனைகளிலும் எஃகுப் பிடிகளால் இறுக்குங்கள். மரக்கட்டையில் செய்தால் அது தைலத்தைக் குடித்துக் கணக்கைக் கெடுக்கும். வெளிப்பரப்பில் விழும் நீட்சி, பட்டையின் கனத்தை வளைவின் ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 3 மி.மீ. பட்டைக்கு 150 மி.மீ. ஆரம் 1 சதவீதம், 300 மி.மீ. ஆரம் அரைச் சதவீதம், 600 மி.மீ. ஆரம் கால் சதவீதம். மூன்று வளைவுகளும் இருந்தால் எந்த நீட்சியில் விரிசல் தொடங்குகிறது என்பதையே ஒப்பீட்டு அளவாகக் கொள்ளலாம். ‘இது உடைந்தது, அது உடையவில்லை’ என்பதைவிட ‘இது கால் சதவீதத்தில் விரிசல் விட்டது, அது ஒரு சதவீதத்திலும் நின்றது’ என்பது வடிவமைப்புக்கு உதவும் செய்தி. வளைத்த பட்டை ஒன்றைத் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். அதுவும் விரிசல் விட்டால் குற்றம் தைலத்தினுடையது மட்டுமல்ல.

எடை பார்க்க நகைக்கடைத் தராசு வேண்டும். மேற்சொன்ன அளவில் பாலிகார்பனேட் பட்டை 4.3 கிராம் இருக்கும். அதில் ஒரு சதவீதம் 0.043 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசில் இது நான்கு படிகளுக்குள் முடிந்துவிடும், 0.001 கிராம் காட்டும் தராசே சரியானது. முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று பட்டையை எடுத்து, துணியால் ஒற்றி, உடனே எடை பார்த்து, கனத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து, திரும்ப ஊறவைக்க வேண்டும். இறுதியில் பட்டையைக் காயவைத்து மறுபடியும் நிறுக்க வேண்டும். இந்தக் கடைசி நிறுவையில்தான் மறைந்திருந்தது வெளிவரும்: மென்மையான பி.வி.சி. குழாய் தைலத்தைக் குடித்துக்கொண்டே தனக்கு மென்மை தரும் இளக்கியை இழக்கும்; வரவும் செலவும் ஈடாகி எடை மாறாததுபோல் தோன்றும்; காய்ந்தபின் எடை குறைந்து, குழாய் விறைத்து நிற்கும்.

எத்தனை நாள் வைப்பது என்பதைக் கனம் தீர்மானிக்கிறது. திரவம் நடுப்பகுதி வரை ஊடுருவ ஆகும் காலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மி.மீ. பட்டை ஒரு வாரத்தில் காட்டுவதை 3 மி.மீ. பட்டை ஒன்பது வாரத்தில்தான் காட்டும். அவசரம் என்றால் மெல்லிய பட்டையை எடுங்கள், வெப்பத்தை ஏற்றாதீர்கள். சினியோலின் தீப்பற்றும் புள்ளி 50 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருப்பதால், தைலத்தை அடுப்பில் வைத்துச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது. வெப்பம் கட்டாயம் என்றால் மூடிய கண்ணாடிப் புட்டியை, மின்சாரத்தால் சூடாகும் நீர்த்தொட்டியில், காற்றோட்டமுள்ள இடத்தில், தீப்பற்றும் புள்ளிக்கு நன்கு கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையின் உயரமும் கணக்கில் வரும். 23 டிகிரி என்று தரமுறை சொல்லும் அறை உதகையில் சனவரி மாதத்தில் கிடைக்காது. அறை 13 டிகிரியில் இருந்தால், பத்து டிகிரிக்கு வேகம் இருமடங்கு என்ற பொதுவிதிப்படி, உங்கள் ஒரு மாதச் சோதனை அட்டவணையின் அரை மாதத்துக்குத்தான் ஈடாகும். கொதிநீர்ச் சோதனையும் அப்படியே. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92.5 டிகிரியிலும், குன்னூரில் 94 டிகிரியிலும், மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியிலும் கொதிக்கிறது. சமவெளியில் 100 மணி நேரம் கொதிக்கவைத்ததற்கு ஈடாக உதகையில் ஏறத்தாழ 170 மணி நேரம் வைக்க வேண்டியிருக்கும். இந்தப் பொதுவிதி சங்கிலி வெட்டுப்படும் சேதத்துக்கு மட்டுமே பொருந்தும். இழுவிசை விரிசலுக்கு இதை நீட்டாதீர்கள். மலையில் சோதித்துத் தேறிய பாகத்தைச் சமவெளிக்கு விற்பவர் இதை மறக்கவே கூடாது.

பூச்சிமருந்தில் சோதிப்பவர்கள் கையுறை அணிந்து, மீந்த திரவத்தை ஓடையில் ஊற்றாமல் இருக்க வேண்டும். நம் ஓடைகள் பவானிக்கும் மோயாற்றுக்கும்தான் போகின்றன. பிளீச்சிங் கரைசலையும் அமிலத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. கலந்தால் குளோரின் வாயு வரும்.

எடையும் அளவும் எழுதியபின் பட்டையைக் கையால் வளைத்துப் பாருங்கள், நகத்தால் கீறிப் பாருங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெள்ளிக்கோடுகள் இழுவிசைக்குக் குறுக்கே தெரிந்தால் அது விரிசலின் முன்னறிவிப்பு. எடை மாறாவிட்டாலும் அந்தப் பொருளை நீக்கிவிடுங்கள்.

பாகத்தைத் தனியாகத் தேர்ந்துவிட்டு, கசிவை அடைக்கும் வளையத்தை மறப்பதும் உண்டு. சாளரத்துக்கு நல்ல பொருளை வைத்து, அதன் கீழே ஈ.பி.டி.எம். ரப்பர் வளையத்தை வைத்தால், தைலத்தில் வளையம் உப்பிச் சாளரத்தையே தூக்கிவிடும். ஒட்டும் பசை, கண்ணாடி இழை, நிறப்பொடி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே சோதனைக்குரியவை. கார்னேஷன் வளர்க்கும் பாலிஹவுஸ்களில் இதை வேறு வடிவில் பார்க்கலாம்: கந்தக மருந்து பாலிஎத்திலீனை ஒன்றும் செய்வதில்லை; ஆனால் வெயிலைத் தாங்க அதில் கலந்துள்ள அமீன் வகைக் காப்புப்பொருளைச் செயலிழக்கச் செய்கிறது, பிறகு வெயில் படலத்தைக் கிழிக்கிறது.

கோத்தகிரிப் பெரியவரின் பிரிகலனுக்கு நான் கடைசியில் பிளாஸ்டிக் சாளரத்தையே வைக்கவில்லை. ஐந்து பொருள்களின் பட்டைகளை அவருடைய தைலத்திலேயே வளைத்து ஊறவைத்தேன். பாலிகார்பனேட் அரைச் சதவீத நீட்சியில் இரண்டாம் நாளே விரிசல் விட்டது. 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டு உள்விசையைத் தணித்த பட்டையும் சில நாள் கூடுதலாக நின்றதே ஒழியத் தப்பவில்லை. அக்ரிலிக்கும் அதே வழியில் போனது. பாலிபுரோப்பிலீன் உப்பியது. நைலானும் டெல்ரினும் வளைந்தபடியே 28 நாளும் நின்றன, ஆனால் அவற்றின் ஊடே பார்க்க முடியாது. ஆகவே சாளரத்துக்கு போரோசிலிகேட் கண்ணாடி, இரு பக்கமும் 2 மி.மீ. டெஃப்லான் வளையம், அவை நகராதபடி எஃகு விளிம்பில் வெட்டிய காடி, வடிகுழாய் வால்வின் இருக்கைக்கு டெல்ரின் என்று முடிவாயிற்று. திருகாணிகளை முதல் வாரத்தில் ஒரு முறை, டெஃப்லான் படிந்தபின், திரும்ப இறுக்க வேண்டும் என்று விளிம்பின் மேலேயே எண்ணெய்ச் சாயத்தால் எழுதிக் கொடுத்தேன். மறுமுறை அவர் விண்டர்கிரீன் வடிக்கப் போவதாகச் சொன்னபோது, அந்தத் தைலத்தில் அரை லிட்டரை முதலில் பட்டறைக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன். டெல்ரின் பட்டைகள் இப்போது அதில் ஊறிக்கொண்டிருக்கின்றன, புட்டியின் மேல் தேதியும் நீட்சியும் அறை வெப்பமும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது.